அயுத்தயாவில் அம்மாவோடு நாலு நாள்

ஊர் திரும்பி ஒரு வாரம் ஆகிறது. எனக்குக் கெண்டைக்கால் வலி இன்னும் விடவில்லை. அறுபத்தாறு வயது அம்மாவோ வந்த மறுநாளே கும்பகோணத்துக்குப் பஸ் ஏறிவிட்டாள். போகும்போது ஒரு கேள்வியை மட்டும் என்னிடம் விட்டுப் போனாள். அது கடைசியில் வரும்.

அம்மாவுக்கு இது முதல் வெளிநாட்டுப் பயணம். இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று தாய்லாந்து சொல்லியிருந்த நேரம். "பாங்காக்ல கடை கடையா ஏறி இறங்கறதுன்னா நான் வரல, கோயில் இருக்கிற ஊரா பாரு" என்றாள். தாய்லாந்தின் பழைய தலைநகரம் அயுத்தயா என்று சொன்னதுமே "ராமர் ஊரா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்தப் பெயரை வைத்துத்தான் வைத்தார்கள் என்றேன். பையில் முதலில் போனது விபூதிப் பொட்டலம்.

நாங்கள் இறங்கியது 2024 மார்ச் 6 ராத்திரி. விமான நிலையத்திலிருந்து வரும் வழியில் பெரிய விளம்பரப் பலகை ஒன்று. புத்தர் அலங்காரப் பொருள் அல்ல, மரியாதை கொடுங்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. படித்துச் சொன்னேன். "இத போய் போர்டு வெச்சா சொல்லணும்? யாருக்கு இது?" என்றாள். வெள்ளைக்காரர்களுக்கு என்றேன்.

மார்ச் 7, வியாழன்

முதல் கோணல் என்னுடையது. எப்போதோ படித்துக் குறித்து வைத்ததை நம்பி ஹுவா லம்போங் ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன். தொலைதூர ரயில்கள் எல்லாம் 2023 ஜனவரியிலேயே ஊரின் வடக்கே கட்டிய புது ஸ்டேஷனுக்குப் போய்விட்டன. இங்கே மிச்சம் இருப்பவை சாதாரண ரயில்கள்தான். அடுத்ததற்கு ஒன்றே முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். நான் எரிச்சலில் இருந்தேன். அம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை. 1916-இல் திறந்த கட்டடம். வளைந்த உயரமான கூரை, ஓடும் காற்றாடி, பெஞ்சில் தூங்கும் மனிதர்கள். "நம்ம எழும்பூர் மாதிரி இருக்கு. ஏசி இல்லாததே நல்லது" என்று காலை நீட்டி உட்கார்ந்தாள்.

மூன்றாம் வகுப்பு டிக்கெட் ஆளுக்குப் பதினைந்து பாட். நம் கணக்கில் முப்பத்தைந்து ரூபாய். அம்மா டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எழுவது கிலோமீட்டருக்கா?"

ரயிலில் ஜன்னலோரம் காலியாக ஒரு இடம். எதிரே ஒரு பிக்கு. அம்மா பெரியவருக்குக் கும்பிடு போட்டுவிட்டு அவர் பக்கத்திலேயே உட்காரப் போனாள். அடுத்த வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, அம்மாவின் முழங்கையை இரண்டு விரலால் தொட்டு, தன் இடத்தைக் காட்டினாள். அப்புறம்தான் தலைக்கு மேலே இருந்த படத்தைக் கவனித்தேன். அது பிக்குகளுக்கு ஒதுக்கிய இடம். பெண்கள் அவர்களைத் தொடுவது இல்லை, உரசி உட்காருவதும் இல்லை. அந்தப் பெண் தன் இடத்தை எங்களுக்குக் கொடுத்துவிட்டு ரங்சிட் வரை நின்றுகொண்டே வந்தாள். ஒரு முகச்சுளிப்பு இல்லை. பிக்கு கடைசி வரை வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வழியெல்லாம் வியாபாரம். சுட்ட கோழி, வாழையிலையில் பொதிந்த ஒட்டரிசி, வாளியில் பனிக்கட்டி போட்ட குளிர்பானம். நம் பாசஞ்சர் வண்டி மாதிரியேதான், ஆனால் யாரும் கூவுவதில்லை. பக்கத்தில் வந்து மெல்லச் சொல்கிறார்கள். நாம் வேண்டாம் என்றால் அதற்கும் ஒரு சிரிப்பு.

அம்மாவுக்கு நான் படித்த சரித்திரத்தைச் சொல்லிக்கொண்டு வந்தேன். 1351 வாக்கில் எழுந்த தலைநகரம். முதல் ராஜாவின் பட்டப்பெயர் ராமாதிபதி. மூன்று ஆறுகள் சுற்றிவர நடுவில் தீவுபோல் ஊர். நானூறு வருஷத்துக்கு மேல், முப்பத்து மூன்று ராஜாக்கள். சீனர், பாரசீகர், போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், ஜப்பானியர் எல்லோரும் தனித்தனிக் குடியிருப்புப் போட்டு வியாபாரம் செய்த இடம். 1767 ஏப்ரலில் பர்மாப் படை வந்து கொளுத்தியது. "அப்புறம்?" அப்புறம் பாங்காக்கைக் கட்டும்போது இந்த ஊர்ச் செங்கல்லைப் பெயர்த்துப் படகில் ஏற்றிக்கொண்டு போனார்கள். "அது நம்மாளுங்களும் செய்வாங்க" என்றாள்.

ஸ்டேஷனிலிருந்து நேரே நடந்தால் பா சாக் ஆறு. சில்லறைக் காசுக்கு அக்கரையில் விட்டுவிடும் ஒரு மரப்படகு. தங்கிய வீட்டில் ஏசி அறைக்கு ஒரு ராத்திரிக்கு 900 பாட். செருப்பை வாசலிலேயே விட வேண்டும் என்றதும் அம்மாவுக்கு அந்த வீட்டுக்காரம்மாளைப் பிடித்துவிட்டது.

சாப்பாடுதான் என் பெரிய கவலை. அம்மா சுத்த சைவம். தாய்லாந்துச் சமையலில் காய்கறிப் பொரியலில்கூட மீன் சாறு ஊற்றுவார்கள். தப்பிக்க ஒரு வழி உண்டு. மஞ்சள் கொடியில் சிவப்பாக ஓர் எழுத்து, பார்த்தால் 17 என்று எழுதியதுபோல் இருக்கும். அதுதான் 'ஜே'. இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் இல்லாத சமையல். வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது. சந்தைக்குப் பின்னால் அப்படி ஒரு கடை. சோற்றின் மேல் மூன்று தொடுகறி, 50 பாட். "பூண்டு இல்லாம எப்படி இவ்ளோ வாசனை?" என்று அம்மா கடைக்காரியிடம் தமிழிலேயே கேட்டாள். அவளும் ஏதோ தாய்லாந்து மொழியில் விளக்கமாகச் சொன்னாள். இரண்டு பேரும் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டார்கள்.

மார்ச் 8, வெள்ளி

மகா சிவராத்திரி. அம்மா விரதம். இந்த வெயிலில் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "நான் என் பாட்டுக்குப் பழம் சாப்பிட்டுக்கறேன், நீ உன் பாட்டுக்குச் சாப்பிடு" என்று முடித்துவிட்டாள்.

நான் போட்டிருந்த பட்டியலில் இரண்டு நாளைக்குப் பன்னிரண்டு இடம். வாடகை சைக்கிள் நாளுக்கு 50 பாட்தான். ஆனால் அம்மாவை வைத்து மிதிக்க முடியாதே. மணிக்கு 200 பாட் என்று ஒரு டுக்டுக் பேசினேன். இந்த ஊர் டுக்டுக்கின் மூஞ்சி தவளைத் தலை மாதிரி உருண்டு இருக்கும். ஓட்டுநருக்கு எழுபது வயது இருக்கலாம். 'லுங்' என்று கூப்பிட்டால் போதும் என்றார், மாமா என்று அர்த்தம். அம்மா அவருக்கு 'குன் மே'. அம்மா என்றுதான் அதற்கும் அர்த்தம். மீதிப் பேச்சு எல்லாம் போனில் இருக்கும் மொழிபெயர்ப்புச் செயலி வழியாக.

எட்டு மணிக்கு வாட் மகாதாட் வாசலில் நின்றோம். ஆறு கோயிலுக்குச் சேர்த்து 220 பாட் சீட்டு. வாட் என்றால் கோயில். மகாதாட் என்பது நம் மகா தாதுதான். புத்தரின் எலும்பு, அஸ்தி வைத்த இடம் என்று பொருள். 1374-இல் தொடங்கியது. நடுக்கோபுரம் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் சரிந்துவிட்டது. இப்போது மேடும் படிக்கட்டும்தான்.

எல்லோரும் தேடி வருவது ஒரு மரத்துக்காக. அதன் வேர்ப் பின்னலுக்குள்ளே மணற்கல்லில் செய்த ஒரு புத்தர் முகம். உடல் இல்லை. வேர் காதை ஒட்டி இறங்கி, தாடைக்குக் கீழே சுற்றி, ஏந்திப் பிடித்திருக்கிறது. படம் எடுப்பவர்கள் குனிந்தோ உட்கார்ந்தோதான் எடுக்க வேண்டும். அந்தத் தலையைவிட நம் தலை உயரக்கூடாது. ஒரு வெளிநாட்டுக்காரர் நின்றபடியே கேமராவைத் தூக்க, காவலர் விசில் ஊதினார். அம்மா யாரும் சொல்லாமலே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்கத்தான் என் கை தேவைப்பட்டது.

அதைத் தாண்டி உள்ளே போனதும் அம்மாவின் முகம் மாறியது. வரிசையாகப் புத்தர்கள். ஒருவருக்கும் தலை இல்லை. சிலருக்குக் கையும் இல்லை. உள்ளே செங்கல், மேலே சுதை பூசிய உருவங்கள் நிறைய; கழுத்தில் தட்டினால் போய்விடும். தீ வைத்த பர்மாக்காரர்கள் கொஞ்சம் பேர்த்தார்கள். அதற்கப்புறம் இருநூறு வருஷமாகப் புதையல் தேடியவர்களும், பழம்பொருள் விற்பவர்களுக்காக வெட்டியவர்களும் மீதியைப் பார்த்துக்கொண்டார்கள்.

"பின்னமான சிலைய வெச்சுக்கக் கூடாதுடி" என்றாள் அம்மா. "ஆத்துல விட்டுடணும். இப்படி வெயில்ல உக்காத்தி வெச்சு, டிக்கெட் போட்டுக் காட்டறாங்களே."

கும்பகோணத்து வீட்டில் ஒரு பிள்ளையாரின் தும்பிக்கை உடைந்தபோது அன்றைக்கே காவிரிக்குக் கொண்டுபோனவள் அவள். நான் பதில் சொல்லவில்லை. அந்த நேரத்தில், அலுவலகம் போகும் உடுப்பில் ஒரு பெண் வந்தாள். மூலையில் மஞ்சள் துணி சுற்றியிருந்த தலையில்லாத ஒரு புத்தருக்கு முன்னால் மண்டியிட்டாள். மல்லிகை மாலை ஒன்றை வைத்தாள். மூன்று முறை தரையில் நெற்றி பட வணங்கிவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். முகம் இருக்க வேண்டிய இடத்தை நிமிர்ந்து பார்த்துத்தான் கும்பிட்டாள். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை.

எதிரே வாட் ராட்சபூரணா. இங்கே கதை அம்மாவுக்குச் சொந்தக் கதை மாதிரி ஆகிவிட்டது. 1424-இல் ராஜா செத்ததும் அண்ணன்மார் இரண்டு பேர் யானை மேல் ஏறிப் பட்டத்துக்குச் சண்டை போட்டு, இரண்டு பேருமே செத்தார்கள். மூன்றாவது பிள்ளை ராஜாவாகி, அண்ணன்களை எரித்த இடத்தில் கட்டியது இந்தக் கோயில். "உங்க பெரியப்பாக்களும் கோர்ட்டுக்கே நடந்து போய்ச் சேந்தாங்க. கடைசியில யாருக்கு வந்துச்சு?" என்றாள். அந்த வழக்கை இங்கே எழுத எனக்கு அனுமதி இல்லை.

கோபுரத்துக்குள் செங்குத்தாக ஒரு படி இறங்குகிறது. கீழே நிலவறை, சுவரில் மங்கிய ஓவியம். 1957-இல் திருடர்கள் இதைத் தோண்டி, தங்கத்தை மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். சிலர் பிடிபட்டார்கள். மிச்சத்தைத் தொல்லியல் துறை எடுத்தது. நான் மட்டும் இறங்கினேன். கீழே ஒரு நிமிஷம்கூட நிற்க முடியவில்லை, அப்படி ஒரு புழுக்கம். மேலே வந்தால் அம்மா ஒற்றைக் காலில் நிற்கிறாள். செருப்பு வார் அறுந்துவிட்டது. பத்தரை மணிக்கே செங்கல் தரை தோசைக்கல். லுங் தன் பெட்டியிலிருந்து ஒரு மின்கம்பித் துண்டை எடுத்து, வாரை முறுக்கிக் கட்டி, அம்மாவின் காலடியில் குனிந்து வைத்தார். காசு நீட்டினேன். கையை ஆட்டினார். 'மாய் பென் ராய்', பரவாயில்லை. அந்த ஊரில் நாங்கள் அதிகம் கேட்ட சொல் அதுதான்.

பதினொன்றரைக்கு அறைக்குத் திரும்பி ஏசியில் விழுந்தோம். வெளியே 38 டிகிரி. முதல் தடவை வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: மார்ச், ஏப்ரலில் வந்தால் காலை எட்டு முதல் பத்தரை, மாலை நான்குக்கு மேல். நடுவில் தூங்குங்கள். என் பன்னிரண்டு இடப் பட்டியல் அன்றைக்குத்தான் செத்தது. அம்மாவுக்கு மாம்பழம், கொய்யா, இளநீர். வெட்டிய பழத்தோடு ஒரு சின்னப் பொட்டலம் தருகிறார்கள், உப்பும் சர்க்கரையும் மிளகாயும் கலந்த தூள். விரதத்தில் உப்பு ஆகாது என்று அதை மட்டும் எடுத்து ஓரமாக வைத்தாள். நான் படகு நூடுல்ஸ் தேடிப் போனேன். முன்பெல்லாம் வாய்க்காலில் படகில் வைத்து விற்றது. கைக்கு அடங்கும் கிண்ணம், கறுத்த குழம்பு, பன்றி ரத்தம் கலந்து கொழகொழவென்று. நாலு கிண்ணம் உள்ளே போனது. சிவராத்திரியும் அதுவுமாக இதை எழுதுகிறேன், அம்மா படிக்க மாட்டாள் என்ற தைரியம்.

நாலரைக்கு வாட் சாய்வத்தனாராம். தீவுக்கு வெளியே, சாவ் பிரயா ஆற்றின் மேற்குக் கரை. பெயரைப் பிரித்தால் ஜய, வர்த்தன, ஆராமம். பிரசாத் தோங் என்ற ராஜா 1630-இல் தன் அம்மாவின் நினைவாகக் கட்டியது. நடுவில் முப்பத்தைந்து மீட்டர் கோபுரம், சுற்றிலும் சின்னக் கோபுரங்கள், கெமர் பாணி, அதாவது பழைய கம்போடியப் பாணி. நடுவே மேரு மலை, சுற்றிலும் உலகம் என்ற கணக்கு. 2011 வெள்ளத்தில் இந்த இடம் முழுவதும் தண்ணீருக்குள் இருந்தது. மாலை வெயில் செங்கல்லில் விழும்போது அம்மா, "சிவன் கோயில் மாதிரியே இருக்குல்ல" என்றாள். சிவராத்திரி மாலையில் அவளுக்குக் கோபுரம் எல்லாமே அப்படித்தான் தெரியும். ஆனாலும் கெமர்க் கோபுரத்தின் பிறப்பு அங்கேதான் இருக்கிறது, தப்புச் சொல்ல முடியவில்லை.

இங்கே வாசல் முழுக்க ராஜா காலத்து உடைகள் வாடகைக்குக் கொடுக்கும் கடைகள். ஒரு தொலைக்காட்சித் தொடர் வந்த பிறகு இந்தப் பழக்கம் பிடித்துக்கொண்டதாம். தோளில் பட்டு மேலாடை, தலையில் பூ, கையில் குடையோடு பெண்கள் கூட்டம் கூட்டமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா கட்டியிருந்தது சாதாரண சுங்குடிச் சேலை. மூன்று பெண்கள் ஓடிவந்து ஏதோ கேட்டார்கள். செயலியில் பேசச் சொன்னேன். வந்த வாக்கியம்: 'இந்த உடையை எந்தக் கடையில் வாடகைக்கு எடுத்தீர்கள்?' அம்மா சிரித்த சிரிப்பில் காவலரே திரும்பிப் பார்த்தார். அப்புறம் அரை மணி நேரம் அவள்தான் அங்கே காட்சிப் பொருள். எல்லோரோடும் நின்று படம் எடுத்துக்கொண்டாள். ஒருத்திக்குக் கொசுவம் எப்படி வைப்பது என்று செய்தே காட்டினாள்.

அதே கோயிலின் சுற்று மதிலோரம் நூற்றிருபது புத்தர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அநேகமாக எல்லோருக்கும் கழுத்தோடு சரி. ஒவ்வொருவர் முன்னாலும் அம்மா ஒரு நொடி நின்று நகர்ந்தாள். கும்பிடவில்லை. எண்ணிக்கொண்டு வந்தாள் என்று நினைக்கிறேன்.

ராத்திரி கண் விழிப்பு. வீட்டுத் திண்ணையில் கொசுவர்த்திச் சுருளோடு உட்கார்ந்து மெல்லத் தேவாரம் பாடிக்கொண்டிருந்தாள். தூக்கம் வராமல் இருக்க நான் ஒன்று சொன்னேன். பாங்காக்கில் ராஜாவின் கோயிலில் இருக்கும் தாய்லாந்து பிராமணர்கள் தலைமுறை தலைமுறையாக மார்கழி-தை வாக்கில் ஒரு விழா நடத்துகிறார்கள். அதன் பெயர் 'த்ரீயம்பவாய்'. திருவெம்பாவைதான் அப்படி ஆகியிருக்கிறது. பொருள் தெரியாமல், உச்சரிப்பு உருமாறி, ஆனால் விடாமல் ஓதுகிறார்கள். பெரிய ஊஞ்சல் ஆட்டமும் அதோடு சேர்ந்தே நடந்தது, 1935-இல் அது மட்டும் நின்றுபோனது. அம்மா பாட்டை நிறுத்திவிட்டாள். "அர்த்தம் தெரியாமயா? இத்தன நூறு வருஷமா?" கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கும் பாதிக்கு அர்த்தம் தெரியாது" என்றாள்.

வீட்டுக்காரம்மாள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். சத்தம் என்று திட்டப் போகிறாள் என்று பயந்தேன். இரண்டு தேங்காயைச் சீவி எடுத்துவந்து வைத்துவிட்டுப் போனாள்.

மார்ச் 9, சனி

அம்மா குளித்து, விபூதி இட்டு, ஏழு மணிக்குத் தயார். நான்தான் தள்ளாடினேன்.

வாட் பனன் சோங் ஆற்றங்கரைக் கோயில். இடிபாடு இல்லை, இன்றும் வழிபாடு நடக்கும் இடம். ஊர் உருவாவதற்கும் முன்னால், 1324-இல் செய்த புத்தர். உட்கார்ந்த நிலையில் பத்தொன்பது மீட்டர். உள்ளே நுழைந்ததும் முகத்தைப் பார்க்க முடியாது, மடிதான் கண்ணுக்கு எதிரே. கழுத்தை முழுசாகப் பின்னுக்குச் சாய்த்தால்தான் பொன் முகம். ஊர் விழுவதற்கு முன் இவர் கண்ணில் நீர் வழிந்தது என்று சொல்கிறார்கள். சீனக் குடும்பங்கள் சாரி சாரியாக வந்துகொண்டிருந்தன.

துணி சாத்துவதுதான் இங்கே விசேஷம். காவித் துணியை வாங்கிக் கொடுத்தால், புத்தரின் மடியில் நிற்கும் ஆட்கள் கயிறு விட்டு மேலே இழுத்துத் தோளில் போர்த்துகிறார்கள். ஏற்கெனவே போர்த்திய துணியின் மறுமுனை கீழே கும்பிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் தலைமேல் வந்து விழும். விஷயம் தெரியாமல் நாங்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். திடீரென்று எல்லாம் காவி. அம்மா ஐயோ என்று என் கையைப் பிடித்தாள். துணிக்குள்ளே பக்கத்தில் ஒரு சீனப் பாட்டி, கண்ணை மூடி வேண்டிக்கொண்டிருந்தவள், ஒரு கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். முழங்காலைத் தட்டிக் கொடுத்தாள். துணி விலகியபோது அம்மாவும் கைகூப்பித்தான் இருந்தாள்.

பின்பக்கம் படித்துறையில் பொரி வாங்கிப் போட்டால் தண்ணீரே தெரியாத அளவுக்கு மீன். அம்மாவை அங்கிருந்து நகர்த்த இருபது நிமிஷம் ஆனது.

மதியம் சாப்பாட்டில் ஒரு சமரசம். அயுத்தயாவுக்கு வந்து ஆற்று இறால் சாப்பிடாமல் போவது பாவம். முன்கை நீளத்துக்கு ஒன்று, நீள வாக்கில் பிளந்து கரியில் சுட்டு, தலைக்குள் இருக்கும் ஆரஞ்சு நெய்யைச் சோற்றில் பிசைந்து தின்ன வேண்டும். விலை நம்மை உட்கார வைத்துவிடும், இரண்டுக்கே 600 பாட். அம்மா ஜே கடைப் பொட்டலத்தோடு அடுத்த மேசையில், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். "முடிச்சுட்டியா?" என்று திரும்பாமலே இரண்டு முறை கேட்டாள்.

ஹுவா ரோ சந்தையில் புதுச் செருப்பு, 120 பாட். கம்பி முறுக்கிய பழையதைத் தூக்கிப் போட மறுத்துவிட்டாள்.

சாவ் சாம் பிரயா அருங்காட்சியகத்துக்கு ஆளுக்கு 150 பாட். கொஞ்சம் அதிகம்தான், ஆனால் விட்டுவிடாதீர்கள். ராட்சபூரணா நிலவறையில் திருடர்கள் விட்டுவைத்த தங்கம் எல்லாம் இங்கே. கல் பதித்த வாள், முழந்தாளிட்ட சின்னத் தங்க யானை. நான் அதையே சுற்றிவந்தேன். அம்மா கீழ்த்தளத்தில் ஒரு பெரிய வெண்கலப் புத்தர் தலை முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். தலை மட்டும். இங்கே தலை இருந்தது, உடல் இல்லை. "பாதி இங்க, பாதி அங்க" என்றாள்.

சாயங்காலம் பிரா ராம் குளத்தோரம் நடந்தபோது, "முதல!" என்று என்னைப் பிடித்து இழுத்தாள். முதலை இல்லை, நீர் உடும்பு, ஆனால் ஆறடிக்குக் குறையாது. எங்களைச் சட்டை செய்யாமல் புல்லில் ஊர்ந்து தண்ணீரில் இறங்கியது. அதன் தாய்லாந்துப் பெயர் ஒரு கெட்ட வார்த்தையும்கூட. அதனால் நாகரிகமாகச் சொல்கிறவர்கள் 'வெள்ளியும் தங்கமும்' என்ற அர்த்தத்தில் வேறு பெயர் சொல்வார்களாம். நம்மூரில் பாம்பை ராத்திரியில் பெயர் சொல்லாத மாதிரி.

யானைச் சவாரி பற்றிக் கேட்பீர்கள். தார்ச் சாலையில் அந்த வெயிலில் சிவப்புக் குடை கட்டிய யானை நடந்ததைப் பார்த்தோம். ஏறவில்லை.

கடைசியில் ரோட்டி சாய் மாய். ஆஸ்பத்திரிக்கு எதிரே வரிசையாகக் கடைகள், முக்காடு போட்ட முஸ்லிம் பெண்கள் கல்லில் மாவை ஒரு தட்டுத் தட்டி எடுக்கிறார்கள், காகிதம் மாதிரி ரொட்டி. அதற்குள் நூல் நூலாக இழுத்த சர்க்கரை. நம் பஞ்சு மிட்டாயைவிடக் கொஞ்சம் முரடு, சோன்பப்டியைவிட மெலிசு. பச்சை ரொட்டியில் தாழம்பூ வகை இலையின் வாசனை. ஒரு பொட்டலம் 40 பாட். அம்மா ஆறு வாங்கினாள், ஊரில் கொடுக்க. அது ஊர் வந்து சேர்வதற்குள் கட்டியாகிப் போனது தனிச் சோகம்.

மார்ச் 10, ஞாயிறு

இன்று இரண்டே இடம். வாட் லோகயசுத்தாராமில் திறந்தவெளியில் ஒரு படுத்த புத்தர், நாற்பது மீட்டருக்குப் பக்கம் நீளம். தலைக்குத் தாமரை அணை. "ரங்கநாதர்!" என்றாள் அம்மா, அவ்வளவுதான், நேரே போய்ப் பூ வைத்துவிட்டாள். இவருக்குத் தலை இருந்தது, பிரச்சினை இல்லை.

வாட் பிரா சீ சன்பெட் அரண்மனை வளாகத்துக்குள் ராஜாக்கள் வைத்திருந்த கோயில். ஸ்ரீ சர்வக்ஞ என்பதுதான் சீ சன்பெட். பிக்குகள் தங்காத கோயில். பாங்காக் மரகத புத்தர் கோயிலுக்கு இதுதான் முன்மாதிரி. மணி கவிழ்த்த மாதிரி மூன்று தூபிகள் மட்டும் நிமிர்ந்து நிற்கின்றன, ராஜாக்களின் அஸ்தி வைத்தவை. 1500-இல் வார்த்து, தங்கத் தகடு போர்த்திய பதினாறு மீட்டர் புத்தர் இங்கே நின்றார். 1767-இல் தங்கத்துக்காகத் தீயிட்டு உருக்கினார்கள். இப்போது மேடை மட்டும்.

நான் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது விசில் சத்தம். திரும்பினால் காவலர் அம்மாவை நோக்கி ஓடுகிறார். தலையும் ஒரு கையும் இல்லாத சின்னப் புத்தர் ஒருவரின் மடியில் காய்ந்த சருகு குவிந்திருந்தது. அம்மா சேலைத் தலைப்பால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தொடக்கூடாது என்ற பலகை பக்கத்திலேயே இருந்தது. அம்மா கையில் இருந்த சருகை அவரிடம் காட்டிவிட்டுக் கைகூப்பினாள். அவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, சருகுகளை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு பதிலுக்குக் கைகூப்பினார். அபராதம் இல்லை.

லுங் எங்களைப் படகுத்துறையில் இறக்கிவிட்டார். அம்மா ஒரு பொட்டலம் ரோட்டியும், அவர் கட்டிக் கொடுத்த கம்பியோடு பழைய செருப்பைக் காட்டி ஒரு கும்பிடும் கொடுத்தாள்.

திரும்பும் ரயிலிலும் பதினைந்து பாட்தான். பாங் பா இன் தாண்டியதும் கேட்டாள்.

"அந்தத் தலையெல்லாம் எங்கடி போச்சு?"

கொஞ்சம் மியூசியத்தில், நிறைய வெளிநாட்டில், பணக்காரர்கள் வீட்டு வரவேற்பறையில், ஓட்டல் வாசலில் என்றேன். ஒன்றும் சொல்லாமல் வயலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ரங்சிட் வந்தது, டான் முவாங் வந்தது.

"உன் ஃப்ளாட்ல டிவி பக்கத்துல ஒரு தலை வெச்சிருக்கியே, அத எங்க வாங்கின?"

ஆன்லைனில், எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய், பிளாஸ்டிக் மாதிரி ஏதோ ஒன்று என்றேன்.

"உடம்பு எங்கன்னு கேட்டியா?" என்றாள்.